சோளம் ஏறிய வருஷம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சுத்தப் பொய். மூக்கு நுனிவரை நடந்து வர அதற்கு எங்கே பொறுமை? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பாதித் தப்பு அந்தக் கோபத்தினுடையது. மீதிப் பாதி சோளத்தினுடையது.

தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், கீழே பாத்திரக்கடையும் மேலே நாங்களுமாக ஒரு பழைய கட்டடம். தானிய வியாபாரிகளுக்காகத் தமிழில் மாதம் ஓர் இதழ் போடுகிறோம். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் தேசத்துக்கு எந்தத் தானியம் கப்பல் ஏறுகிறது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூடவா குறையவா, எந்தப் பக்கத்து வாங்குகிறவர்கள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள், எந்தப் பக்கம் படுத்துவிட்டது, இதுதான் விஷயம். "இதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களாடி?" என்று என் அக்கா கேட்டாள். படிக்கிறார்கள். ஈரோட்டிலும் விருதுநகரிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் படிக்கிறார்கள். அக்கா சீரியல் பார்க்கிற ஆவலோடு படிக்கிறார்கள். ஒருநாள் இதழ் தாமதமானால் போன் போட்டுத் திட்டுகிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தேன். பிள்ளைகளை விட்டு வந்தேனே தவிர சிவப்பு மை பேனாவை விடவில்லை. அதட்டலையும் விடவில்லை. எனக்கு எதிர் மேஜையில் பாய். திருவல்லிக்கேணிக்காரர், என் வயதுதான் இருக்கும். துறைமுகப் பதிவுகள் இங்கிலீஷில் வரும், அவற்றைத் தமிழில் கட்டம் கட்டமாக அட்டவணையில் ஏற்றுவது அவர் வேலை. இருபது வருஷமாகச் செய்கிறார். அந்த அட்டவணையை வாங்கிக் கோடு போட்டு, கோடு ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கட்டுரை எழுதுவது என் வேலை. எங்கள் இருவருக்கும் மேலே எடிட்டர் சார். கோபாலபுரத்துக்காரர், குரலே எழும்பாத மனுஷன். அவர் மெதுவாகப் பேசப் பேசத்தான் எங்களுக்குப் பயம் கூடும்.

பாய்க்குத் தேசங்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். "ஆப்பிரிக்காக்காரன் கீறானே மேடம், புழுங்கல்னா உசுர விடுவான். கல்ஃபுக்காரன் பாஸ்மதிய விட்டு அப்படி இப்படித் திரும்ப மாட்டான்" என்பார். "அங்கே இருக்கற நம்ம ஜனங்க?" என்று கேட்டால், "அதுக்குப் பொன்னி போவுது, அது தனி டப்பா" என்று பெரிய அண்டாவிலிருந்து சின்ன டிபன் பாக்ஸ் எடுத்துவைக்கிற மாதிரி கையைக் காட்டுவார். வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை போட்டபோது என் கோடுகள் எல்லாம் மாடிப்படியில் உருண்டவர்கள் மாதிரி விழுந்தன. பாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வீட்டு அரிசி பாட்டுக்குச் சமையலறை டிரம்மில்தான் இருந்தது. இருந்தாலும் கப்பல் கிளம்பவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட மனுஷனின் நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. வேளச்சேரிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்து, காகிதத்தை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் அட்டவணையாக வந்து விழும் என்று எடிட்டர் சாரிடம் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே பாய் ஒரு தடவை மாட்டிக்கொண்டிருந்தார். காக்கிநாடாவையும் காண்ட்லாவையும் இடம் பற்றாமல் 'கா.' என்று சுருக்கிப் போட, கிழக்குக் கரை அரிசி அத்தனையும் ஒரு மாதம் மேற்குக் கரையில் கப்பல் ஏறிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு எடிட்டர் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பத்து வருஷ ஒப்பீட்டு மலர் போடறோம். எல்லாப் பிராந்தியமும், எல்லாத் தானியமும். அது சுத்தமா வந்தா பாய் தொடரட்டும். ஒரு தப்பு இருந்தாலும் அடுத்த மாசத்திலேர்ந்து அட்டவணை வேளச்சேரிக்குப் போயிடும்" என்றார். பட்டுத் துணியை மடிப்பது மாதிரி சொன்னார்.

வெளியே வந்ததும் பாய் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். "வூட்ல குந்திகினு நான் இன்னா மேடம் பண்றது? கப்பல் எங்க போவுது, எவன் வாங்குறான்னு தெரியாம எனக்குப் பொழுது போவாதே" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒருத்தி இருக்கறப்போ எப்படிப் பாய் தப்பு வரும்?" என்று மார் தட்டினேன். அதைச் சொன்ன வாயில் சர்க்கரை போடக் கூடாது, மிளகாய்ப் பொடிதான் போட வேண்டும்.

மலருக்கான வேலை அமோகமாக நடந்தது. பாய் ஒவ்வொரு வருஷத்து அட்டவணையாகக் கொடுத்தார். நான் பத்தையும் ஒட்டவைத்துக் கோடு இழுத்தேன். வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா, ஐரோப்பா, தூரக் கிழக்கு என்று பிராந்தியத்துக்கு ஒரு பக்கம். மாதாமாதம் எங்கள் இதழில் அரிசியும் கோதுமையும்தான் விவரமாக வரும். மற்றதையெல்லாம் 'இதர தானியங்கள்' என்று ஒரே கட்டத்தில் கூட்டிப் போட்டுவிடுவோம். பேர் பேராக இருப்பது ஆபீஸ் ஃபைலில் மட்டும். மலரில்தான் முதல் தடவையாகக் கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு கிடைத்தது.

தூரக் கிழக்குப் பக்கத்தைப் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மக்காச்சோளம் நாலு வருஷம் ஜம்மென்று மேலே போய்க்கொண்டிருந்தது, ஐந்தாவது வருஷம் தடாலென்று தரையில் விழுந்து அப்படியே கிடந்தது. அதே வருஷம், அதுவரை தரையோடு தரையாகத் தவழ்ந்துகொண்டிருந்த சோளம் எழுந்து விண்ணைத் தொட்டது. ஆஹா! இதற்கல்லவா காத்திருந்தேன்! எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தில் மூன்று வீட்டில் சோள தோசை வார்க்கிறார்கள். மாடவீதிக் கடையில் கம்பு மிக்ஸர், சாமை முறுக்கு, எதைத் தொட்டாலும் சிறுதானியம். இந்தப் பைத்தியம் கடல் தாண்டி, தூரக் கிழக்கில் நம்மிடம் அதிகம் வாங்கும் வியட்நாமையும் பிடித்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று புத்தகம் எல்லாம் பார்த்து, 'மக்காச்சோளம் வீழ்ந்தது, சோளம் எழுந்தது: கிழக்கின் நாக்கு மாறிய வருஷம்' என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "வியட்நாம்ல தோசைக்கல்லு இருக்கா?" என்று கேட்டார். நான் அவரோடு அன்று பேசவில்லை.

பாய் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். தாடியைத் தடவினார். "மேடம், இந்தச் சோளத்த மட்டும் ஒருவாட்டி பாத்துக்கலாமா?" என்றார்.

"பாய்! இப்போதான் அழகா வந்திருக்கு. கண்ணு வைக்காதீங்க!"

"இல்ல மேடம், அந்த வருஷம்..."

"அந்த வருஷந்தான் பாய் கட்டுரையே!" என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் சரி மேடம் என்று போய்விட்டார்.

மலர் வெளிவந்த மூன்றாம் நாள் எடிட்டர் சாரின் அறையில் போன் வந்தது. எங்களையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். உடுமலைப் பக்கத்து வியாபாரி ஒருவர், எங்கள் வெகுநாள் சந்தாதாரர்.

"வணக்கமுங்க. உங்க மலரைப் படிச்சேனுங்க. அம்மணி நல்லா எழுதிப்போட்டிருக்கறாங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. சோளத்த நாங்க தட்டு அறுத்து மாட்டுக்குத் தீவனமாப் போடறோம், வேண்டுங்கறப்ப களி கிண்டறோம். அதைய அம்புட்டையும் வியட்நாம்காரன் வாங்கி என்னங்க பண்றான்?"

நான் சிறுதானியத்தின் சத்துகளைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. மக்காச்சோளம் விழுந்துபோச்சுன்னு போட்டிருக்கறீங்களே, அதைய நானே லாரி லாரியா தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கறனுங்க. நீங்க விழுந்துச்சுங்கற அதே வருஷம்! என்ற மச்சான் இதைப் படிச்சுப்போட்டு, காடு பூராவும் சோளம் விதைக்கறேன்னு நிக்கறானுங்க. பிடிச்சு வெச்சிருக்கறேன், சீக்கிரமா ஒரு பதிலைச் சொல்லுங்க."

எடிட்டர் சார் போனை வைத்தார். மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். "இந்த அட்டவணை யார் போட்டது?"

"பாய்தான் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. அதோடு நிறுத்தினேனா? அறைக் கதவு திறந்திருக்கிறது, ஆபீஸே கேட்கிறது, நான் பாய் பக்கம் திரும்பி, "சோளம் வேற, மக்காச்சோளம் வேறன்னு இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தெரியாதா பாய்? ரெண்டையும் மாத்திப் போட்டுருக்கீங்களே, கப்பல்ல ஏறுனது எதுன்னு பார்க்க வேண்டாமா?" என்று வகுப்பு எடுத்தேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா சார், அட்டவணை நான் போட்டதுதான்" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுங்கள் என்று எடிட்டர் சார் சொன்னார். பாய் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திருத்தம் போட வேண்டுமே என்று அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் துறைமுகங்களின் பட்டியல், தேசங்களின் பட்டியல், அதற்கு நடுவே மஞ்சளாகிப்போன ஒரு துண்டுச் சீட்டு. சிவப்பு மை. என் கையெழுத்து.

'பாய், மக்காச்சோளம் என்று இனி எழுத வேண்டாம். கட்டத்தில் அடங்கவில்லை. சோளம் என்றே போடவும். புரிந்ததா?' அந்தப் 'புரிந்ததா'வுக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சோளம் என்றால் பெசன்ட் நகர் பீச்சில் கரி அடுப்பில் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார்களே, அதுதான். முன்னால் மக்கா என்று ஓர் ஒட்டு எதற்கு? "மேடம், வெள்ளச் சோளம்னு வேற ஒண்ணு தனியா கீது" என்று பாய் அன்றைக்கே சொன்னார். "அது எவ்வளவு போகப்போறது? அதையும் இதிலேயே கூட்டிடுங்க, யார் பார்க்கப் போறா?" என்று நான்தான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். வியட்நாமில் ஒருத்தருக்கும் நாக்கு மாறவில்லை. மக்காச்சோளம் எப்போதும்போலப் போய்க்கொண்டுதான் இருந்தது. கிழக்கே அந்த வருஷம் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அது வேறு கதை. சிரித்து முடித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு பஸ் ஏறினேன்.

பாய் எங்கே இருப்பார் என்று தெரியும். பெரிய மசூதிக்கு எதிர்ச் சந்தில் ஒரு டீக்கடை, மேன்ஷன்களில் அறை எடுத்துத் தங்கும் பையன்கள் கூட்டத்துக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா மேடம், இவ்ளோ தூரம்?" நான் சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தெரியும் மேடம், கண்ணாடிக்கு அடில நான்தானே வெச்சேன்" என்றார்.

"எடிட்டர் முன்னாடி ஏன் பாய் எடுத்துக் காட்டல? நான் அவ்ளோ பேசறேன், கல்லு மாதிரி நின்னுகிட்டு இருந்தீங்களே!" அங்கேயும் என் குரல்தான் உசந்தது. டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

பாய் எனக்கு ஒரு டீ சொன்னார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். "எதுக்குச் சொல்லணும் மேடம்? முதல்ல ஒருவாட்டி சொன்னேன், புரிஞ்சதான்னு எழுதிக் குடுத்தீங்க. மலர் போடறப்ப ரெண்டாவாட்டி சொன்னேன், கண்ணு வைக்காதன்னீங்க. உங்ககிட்ட மூணாவாட்டி சொல்ற ஆளு நம்ம ஆபீஸ்ல யாரு கீறா? எனக்கும் கோவம் மேடம். சரி, தானா தெரியட்டும்னு விட்டுட்டேன். எடிட்டர் கேட்டப்ப, போய்த்தான் தொலையலாமேன்னு தோணிச்சு."

அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. இவர் திட்டவில்லை. உங்களோடு வேலை செய்வதைவிட வீட்டில் சும்மா உட்காரலாம் என்று தோன்றியது என்கிறார், கப்பல் போகாவிட்டால் சோறு இறங்காத மனுஷன். நெஞ்சில் நங்கென்று இறங்கியது. "தப்பு என்னுது பாய், மன்னிச்சுடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாய் பதறிப்போய், "ஐயய்ய, அழாதீங்க மேடம், டீ ஆறிடப் போவுது" என்றார்.

மறுநாள் எடிட்டர் சாரின் மேஜையில் அந்தச் சீட்டை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். "புரிந்ததா-வுக்குக் கீழே ரெண்டு கோடு எதுக்கும்மா?" என்று கேட்டார். "அழுத்தத்துக்கு சார்" என்றேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. வேளச்சேரிக்காரர்களுக்கு வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார். "பதிலை நீங்களே எழுதிடுங்க. சுத்தி வளைக்க வேண்டாம், நேரா சொல்லுங்க" என்றார்.

எழுதினேன். சென்னையில் பீச்சில் விற்பதைத்தான் இந்த அம்மாள் சோளம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், தூரக் கிழக்கில் எதுவும் மாறவில்லை, அட்டவணை போட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவர் இரண்டு தடவை சொல்லியும் கேட்காதவள் நான், என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். உடுமலைக்காரருக்கு அதற்கு முன்னாலேயே போன் செய்துவிட்டேன். "அப்ப விதைக்க வேண்டாமுங்களா? நல்லவேளையுங்க. மச்சானைக் கட்டிப் போட்டிருந்த கவுத்த இப்பத்தானுங்க அவுக்கறேன்" என்று சிரித்தார்.

ஆனால் பாய் சும்மா திரும்பி வரவில்லை. எடிட்டர் சார் போன் பண்ணிக் கூப்பிட்டதற்கு, ஒரு நிபந்தனை என்று சொன்னாராம். இனிமேல் நான் எழுதுகிற பக்கமும் அவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கணக்கு டீச்சருடைய பேப்பரை இன்னொருத்தர் திருத்துவதா? வீட்டில் போய் இரண்டு பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். மறுநாள் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பாய் வந்து உட்கார்ந்த முதல் வாரம். அந்த மாதத்து அரிசிப் பக்கத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். படித்துக்கொண்டே போனவர் திடீரென்று தலையைத் தூக்கி, ஆபீஸே திரும்புகிற மாதிரிக் கத்தினார்.

"மேடம்! இலங்கைய எதுக்குத் தூரக் கிழக்குல போட்டீங்க? தூரமா அது? ராமேஸ்வரத்துல நின்னு எட்டிப் பாத்தா வூட்டுக் கொடில துணி காயுறது தெரியும்! தப்பு மேடம், தப்பு!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டாள். எனக்கு உள்ளே குபுகுபுவென்று வந்தது, அது ஆறு வருஷமாக அப்படித்தான் போகிறது பாய் என்கிற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பாய் சிவப்பு மை பேனாவைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்கே காட்டுங்க பாய்" என்றேன். "வேற என்னவெல்லாம் தப்பு?"